போகாத ஊருக்குத் துடுப்பு

இணுவிலில் கடல் கிடையாது. ஆறும் கிடையாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் கொஞ்சநாள் வேலைக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டு, வெயில் ஏறியதும் லீவு போட்டுவிடும். போகிற போக்கில் இணுவிலை எட்டிப் பார்க்கவும் அதற்கு மனமில்லை. கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று மேற்கால் ஒதுங்கிப்போய் அராலிக் கடலில் விழுந்து உயிரை விடுகிறது. இப்படிப்பட்ட ஊரை வைத்துக்கொண்டு துடுப்பு வலிக்கும் விளையாட்டின் சரித்திரத்தை எழுத வந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.

நான் சொல்ல வந்தது தண்ணீரில் வலிக்கும் துடுப்பைப் பற்றி அல்ல. படகில்லாமல், தண்ணீரில்லாமல், கூரைக்குக் கீழே இருந்த இடத்தில் இருந்தபடி வலிக்கிறார்களே, அதைப் பற்றி. ஒரு நீளத் தண்டவாளம், அதன்மேல் வழுக்கியோடும் ஆசனம், சங்கிலி கோத்த ஒரு கைபிடி, காற்றோடு மல்லுக்கட்டும் ஒரு சில்லு, எவ்வளவு தூரம் போய்விட்டீர்கள் என்று கூசாமல் சொல்லும் ஒரு சின்னத் திரை. இரண்டாயிரம் மீற்றர் வலித்து முடித்து, நாக்குத் தள்ளி இறங்கினால், ஏறின இடத்திலேதான் இறங்குவீர்கள். ரிக்கற் எடுத்து, மாதச் சந்தா கட்டி இதைச் செய்கிறார்கள்.

இந்த ஆட்கள் நாலு பேர் கூடினால் என்ன கதைப்பார்கள்? துடுப்பைப் பற்றியா? மூச்சைப் பற்றியா? தொடைத் தசையைப் பற்றியா? முதல் ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் மரியாதைக்காகக் கதைப்பார்கள். ஆறாவது நிமிடம் காலையில் என்ன சாப்பிட்டது என்பதில் இறங்குவார்கள். அங்கிருந்து மத்தியானம் என்ன, ராத்திரிக்கு என்ன, நேற்றைய மட்சில் அந்த நடுவருக்குக் கண் தெரியுமா தெரியாதா. உடம்பு எங்கேயும் போகாதபோது வாயாவது போகத்தானே வேண்டும். சரித்திரப் பேராசிரியர்கள் கவனிக்கத் தவறிய இந்த ஒரு விதியைக் கையில் எடுத்துக்கொண்டால், இரண்டாயிரத்து நானூறு வருட உலக சரித்திரத்தையும் ஒரு பின்னேரத்தில் தீர்த்துவிடலாம்.

முதலாவது கிறுக்கு கிரேக்கத்தில் பிறந்தது. கி.மு. நாலாம் நூற்றாண்டு. ஏதென்ஸ் கடற்படையில் காப்ரியாஸ் என்று ஒரு தளபதி. கப்பல் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஆளுக்கு வலிக்கத் தெரியாது. அப்படியே கடலில் இறக்கினால் எதிரிக்கு வேலை வைக்காமல் தாங்களே ஒருவரையொருவர் அடித்துக் கவிழ்த்துக்கொள்வார்கள். காப்ரியாஸ் என்ன செய்தார் என்றால், கடற்கரையில் நீள மரங்களைப் போட்டு, வரிசையாக ஆட்களை அதில் குந்தவைத்து, தெரிந்தவனைத் தெரியாதவன் பக்கத்தில் இருத்தி, தரையிலேயே வலிக்கப் பழக்கினார். இதைப் பொலியீனஸ் என்பவர் பிற்காலத்தில் தன் போர்த்தந்திர நூலில் எழுதிவைத்தார். போர்த்தந்திரமாம்! பத்தடி தள்ளிக் கடல் இருக்க, மணலில் இருந்து காற்றை வலிக்கும் அந்த வரிசையைக் கண்டுவிட்டு, வலை இழுக்கப் போன கிழவன் ஒருவன் வீட்டுக்குத் திரும்பிப்போய்ப் பெண்சாதியிடம் என்ன சொல்லியிருப்பான் என்பதைப் பொலியீனஸ் எழுதவில்லை. தந்திரத்துக்கு அது சேராது.

அந்தக் காலத்து ஏதென்ஸ் கப்பலில் வலிக்கிறவர்களுக்குத் தாளம் பிசகாமல் இருக்க, குழல் ஊத என்று தனியாக ஒருவன் இருந்தான். இதை வாசித்தபோது எனக்குக் காப்ரியாஸ் மேல் பரிதாபம் வந்துவிட்டது. ஆள் தேட எங்கேயோ அலைந்திருக்கிறார். இணுவிலுக்கு ஒரு ஓலை அனுப்பியிருந்தால் போதும். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் பொறுத்திருக்க வேண்டிவந்திருக்கும், அவ்வளவுதான். நாதஸ்வரமும் தவிலும் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்த ஊர். இணுவில் விசுவலிங்கத்தின் மகன் தட்சிணாமூர்த்தி (1933–1975) கடல் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வரக்காரர்களுக்கெல்லாம் தவில் வாசித்தவர். அந்தக் கை கப்பலில் இருந்திருந்தால், வலிக்கிறவர்கள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். கப்பல் நின்றிருக்கும். யுத்தமும் நின்றிருக்கும்.

காப்ரியாஸுக்கும் முந்தி, கி.மு. 427இல், துடுப்பும் சாப்பாடும் சேர்ந்து ஒரு நகரத்தைக் காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. தூசிடிடீஸ் எழுதியது, அவர் பகிடி விடுகிற ஆள் அல்ல, ஆகவே நம்பலாம். மித்திலீனி என்ற ஊர் ஏதென்ஸை எதிர்த்துக் கலகம் செய்து தோற்றுப்போகிறது. ஏதென்ஸ் சபை கூடி, கோபத்தில், அந்த ஊர் ஆண்கள் எல்லாரையும் கொன்றுபோடச் சொல்லி ஒரு கப்பலை அனுப்புகிறது. விடிந்ததும் கோபம் இறங்கி, அடடா, கொஞ்சம் கூடிப்போச்சே என்று திரும்பவும் சபை கூடி, வேண்டாம் என்று சொல்ல இரண்டாவது கப்பலை அனுப்புகிறது. முதற்கப்பல் ஒரு பகலும் ஒரு இரவும் முந்தி. இப்போதுதான் ஏதென்ஸில் இருந்த மித்திலீனிக்காரர்களுக்கு மூளை வேலை செய்தது. பேச்சுப் பேசவில்லை, பூசை போடவில்லை. கப்பலுக்கு வைனும் பார்லி மாவும் ஏற்றினார்கள். முந்திப் போய்ச் சேர்ந்தால் சன்மானமும் உண்டு என்றார்கள். வலித்தவர்கள் மாவை வைனிலும் எண்ணெயிலும் குழைத்து, உருட்டி, வலித்தபடியே தின்றார்கள். மாறி மாறித் தூங்கினார்கள். கொலைத் தீர்ப்பைக் கொண்டுபோன முதற்கப்பல், அப்படியொரு வேலைக்கு அவசரப்பட யாருக்கும் மனமில்லாமல், ஆடி அசைந்து போனது. அங்கே தளபதி தீர்ப்பை வாசித்து முடிக்கிற நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை தட்டியது. ஊர் தப்பியது. கலகத்துக்கு முன்னால் நின்ற ஆயிரம் பேர் வரையில் தப்பவில்லை என்பதையும் தூசிடிடீஸ் எழுதியிருக்கிறார். அவர்கள் விஷயத்தில் மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வைனில் குழைத்த பார்லி மா எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் புதினமாகத் தெரியாது. ஒடியல் மாவையும் கள்ளையும் வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை ஊரைக் காப்பாற்றியிருக்கிறார்கள், கேட்டால் தவறணையிலிருந்து வரும் வழியில் அவர்களே சொல்வார்கள்.

சரி, இணுவிலுக்கு வருவோம். கடலும் ஆறும் இல்லாத ஊருக்கு ஆண்டவன் கொடுத்தது செம்மண்ணும், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல்லும், கல்லுக்குள்ளே தண்ணீரும். தண்ணீர் கீழே, புகையிலைக் கன்று மேலே. இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதன் செய்த ஏற்பாடுதான் துலா. இரண்டு ஆடுகால் நட்டு, குறுக்கே அச்சுலக்கை போட்டு, அதில் ஒரு முழுப் பனைமரத்தைத் தூக்கி வைப்பார்கள். மரத்தின் ஒரு நுனியில் துலாக்கொடி, கொடியின் நுனியில் பனையோலையில் கட்டிய பட்டை. ஒருவர் கிணற்று வாயில் நின்று பட்டை பிடிப்பார். மேலே, அந்தரத்தில், பனங்குற்றியின் முதுகில் இரண்டு பேர், சில இடத்தில் மூன்று பேர் நிற்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் துலா தாழும், பட்டை தண்ணீரில் முங்கும். திரும்பிப் பின்னால் நடந்தால் துலா எழும்பும், பட்டை மேலே வரும். பட்டை பிடிக்கிறவர் கவிழ்ப்பார், தண்ணீர் வாய்க்காலில் ஓடும், தோட்டத்துக்குள் ஒரு பெடியன் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவான். முன்னுக்கு நாலு எட்டு, பின்னுக்கு நாலு எட்டு. விடியற்காலம் நிலவில் தொடங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை. நடந்த நடையைக் கூட்டி நேராகப் போட்டிருந்தால் காங்கேசன்துறை போய்த் தலை முழுகிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் மனுசன் கிணற்றடியை விட்டு அசையவில்லை.

காப்ரியாஸ் இதைக் கண்டிருந்தால் மரங்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவர்கள் இருந்த இடத்தில் வேலை செய்தார்கள் என்பதோடு நிற்கவில்லை. விழுந்தால் கால் முறியும் உயரத்தில், ஈரக்காலோடு, உருண்டையான மரத்தில் செய்தார்கள். தலைக்கவசம் கிடையாது. பயிற்றுநர் கிடையாது. முடிந்ததும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி உண்டு: திண்ணையில் சாய்ந்து ஒரு சுருட்டு. புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து இளைத்த மூச்சை அதே புகையிலையை இழுத்து ஆற்றிக்கொண்ட விளையாட்டு வீரர்கள் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

துலா மிதிக்கிறவர்கள் பாட்டுப் பாடினார்கள், பட்டையை எண்ணிப் பாடினார்கள் என்று நாட்டார் வழக்காற்றுக்காரர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து எழுதிக்கொண்டு போனார்கள். மைக்கை நீட்டினால் எவனும் பாட்டுத்தான் பாடுவான். மைக் போனபிறகு என்ன நடந்தது என்பதை நான் சொல்கிறேன். ஆதாரம் கேட்காதீர்கள், மேற்சொன்ன விதிதான் ஆதாரம்.

"அண்ணை, இண்டைக்கு வீட்டில என்ன?"

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்."

"நேற்றும் அதுதானே?"

"நேற்று கத்தரிக்காய்க் குழம்பும் புட்டும்."

கீழே பட்டை பிடிக்கிறவர் தலையை நிமிர்த்துவார். "மீன் ஒண்டும் இல்லையோ?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மச்சமோ? மனுசி என்னைத்தான் குழம்பு வைப்பாள்."

"சரி சரி, பின்னுக்கு நடவுங்கோ. பட்டை நிறைஞ்சிட்டுது."

அதற்குப் பிறகு வண்டிச் சவாரி. யாருடைய மாடு ஓடியது, யாருடைய மாடு ஓடாமல் நின்று வாலைத் தூக்கியது, தோற்றவன் என்ன சாட்டுச் சொன்னான். பங்குனி கழிந்தால் போர்த்தேங்காய். வருடப் பிறப்புக் காலத்தில் ஒருவன் தேங்காயை மற்றவன் தேங்காயால் அடித்து உடைக்கும் இந்த ஆட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். சிரட்டை தடித்த காயாகப் பார்த்து, தட்டிப் பார்த்து, காதுக்கருகில் வைத்துப் பார்த்து, விலை பேசி வாங்கி வருவார்கள். உலகத்தில் மற்ற விளையாட்டுக்கெல்லாம் ஆட்டம் முடிந்தபிறகு சாப்பாட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இதில் தோற்ற காய் நேரே சம்பலுக்குப் போகும். விளையாட்டுப் பொருளைச் சமைத்துத் தின்னக்கூடிய ஏற்பாடு ஒலிம்பிக்காரருக்கு இன்னும் ஓடவில்லை.

பெரும்பாலான கிணறுகள் பங்குக் கிணறுகள். இன்றைக்கு உனக்கு முறை, நாளைக்கு எனக்கு. உறுதியில் கிணற்றிலே பதினாறில் ஒரு பங்கும் வழி வாய்க்காலும் என்று எழுதியிருக்கும். தண்ணீரில் பதினாறில் ஒன்றை எப்படி அளப்பது என்று தண்ணீருக்கும் தெரியாது, நொத்தாரிசுக்கும் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்து அப்புக்காத்துமாரின் பிள்ளைகள் பலர் சீமைக்குப் படிக்கப் போனது அந்தப் பதினாறில் ஒன்றில்தான். முறை மாறுகிற நேரத்தில் அண்ணன் தம்பி ஒருவரோடொருவர் கதைக்கமாட்டார்கள், வழக்கு நடக்கிறது. துலாவில் ஏறினால் கதைப்பார்கள். என்ன செய்வது, மேலே வேறு ஆளில்லை.

இறைப்பு முடிந்து இறங்கினால் பழஞ்சோறு. முதல்நாட் சோற்றையும் மிஞ்சின கறிகளையும் சட்டியில் போட்டுக் குழைத்து, ஆளுக்கொரு கவளமாக ஆச்சி உள்ளங்கையில் வைப்பாள். நல்லநாளென்றால் கூழ். ஒடியல் மாவை ஊறப்போட்டுக் கைப்புப் போக வடித்து, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை போட்டு, செத்தல் மிளகாய் அரைத்து, பழப்புளி கரைத்து, பெரிய பானையில் கொதிக்கவிடுவார்கள். கடற்கரைப் பக்கத்தார் இதிலே நண்டு, இறால், மீன்தலை என்று கடலில் பாதியைப் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் சைவக்கூழும் உண்டு, மச்சக்கூழும் உண்டு. எது அசல் என்பதில் சண்டையும் உண்டு. பனையோலையைக் கோலிப் பிளா செய்து, அதில் ஊற்றி, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். மூக்கால் தண்ணீர் வரவில்லையென்றால் உறைப்புக் காணாது என்று பொருள்.

இங்கே இப்படி இருக்க, வெள்ளைக்காரன் தன் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தான்? வில்லியம் கியூபிட் என்ற எஞ்சினியர், சிறையில் கைதிகள் சும்மா குந்தியிருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், 1818 வாக்கில் மிதிசக்கரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். பெரிய உருளை, சுற்றிவரப் படிகள். கைதி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், படி கீழே போய்க்கொண்டே இருக்கும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. பல சிறைகளில் ஒன்றையும் அரைக்கவில்லை, காற்றைத்தான் அரைத்தது. எங்கள் துலாவும் இதுதானே என்கிறீர்களா? இல்லை. துலாவில் தண்ணீர் வந்தது என்பதை விடுங்கள், அது சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம், அங்கே கதைக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாமல் நடுவில் பலகை அடித்து மறைத்தார்கள். நேற்றுக் கத்தரிக்காய், இன்றைக்கும் கத்தரிக்காய் என்று சொல்லி அழக்கூட ஆளில்லை. ஒஸ்கார் வைல்டை 1895இல் பிடித்துப் பென்ரன்வில் சிறையில் இதில் ஏற்றினார்கள். இங்கிலாந்திலேயே நன்றாகக் கதைக்கத் தெரிந்த மனிதன்! அவனை வாய் திறக்காமல் படியேற வைத்த நாடு, எங்களுக்கு நாகரிகம் சொல்லித்தர இங்கே கச்சேரி நடத்திக்கொண்டிருந்தது.

மிதிசக்கரத்துக்கு முடிவு கட்டிய சிறைச்சட்டம் 1898இல் வந்தது. அதே 1898இல் இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி திறந்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மிஷன் ஆஸ்பத்திரி. வலிகாமத்தில் யாரைக் கேட்டாலும் இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்தவன் என்று ஒரு தலைமுறை சொன்னது இதைத்தான். இதற்குக் காசு திரட்டியவர்கள் மேரி, மார்கரெட் என்று இரண்டு லீச் சகோதரிகள். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலிருந்து வந்த மிஷனரிப் பெண்கள். வெர்மாண்ட் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1912. ரைட்டானிக். அதன் உடற்பயிற்சிக் கூடத்தில் மின்சாரக் குதிரை இருந்தது, மின்சார ஒட்டகம் இருந்தது, துடுப்பு வலிக்கும் மெஷினும் இருந்தது. கப்பலில் ஏறத்தாழ 2200 பேர். உயிர்ப்படகு 20. எல்லாப் படகையும் நெருக்கி நிரப்பினாலும் 1178 பேருக்குத்தான் இடம். உண்மையான படகுக்கு இடமில்லை என்றவர்கள் பொய்ப் படகுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலாம் வகுப்புப் பிரபுக்கள் அந்த மெஷினில் இருந்து வலித்தபடி என்ன கதைத்திருப்பார்கள் என்று உங்களுக்கு இப்போது சொல்லத் தேவையில்லை. பத்து வகைச் சாப்பாடு வரிசையாக மேசைக்கு வரும் கப்பல் அது.

இருந்த இடத்தில் சாதனை செய்வதற்கு எங்கள் குடாநாட்டிலேயே ஒரு குலதெய்வம் உண்டு. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். தொழில் வக்கீல். 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய மனிதர். அது பயணம், அதை விடுங்கள். என்னைக் கவர்ந்தது மற்றவை. ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். தண்ணீரில் இருந்த இடத்திலேயே கைகாலை அசைத்து மிதந்தபடி 80 மணித்தியாலம் இருந்தார். கின்னஸ்காரர் எழுதிக்கொண்டார்கள். புராணத்தில் முனிவர்கள் ஒற்றைக் காலில் நின்றால் சிவபெருமான் ரிஷபத்தில் வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்பார். ஆனந்தனுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்துபோனார். அதில் எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

துலா எப்போது போனது? தண்ணீர் இறைக்கும் மிசின் வந்ததும் போனது. மிசின் சத்தத்தில் கதைக்க முடியாது, கதைக்க முடியாத இடத்தில் ஆட்கள் நிற்கமாட்டார்கள். மிசினை முடுக்கிவிட்டுச் சந்திக்குப் போய்க் கதைத்தார்கள். ஆடுகால்கள் தனியே நின்றன. இருந்த இடத்துப் பயிற்சி யாழ்ப்பாணத்தில் அத்தோடு செத்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

1990இல் திரும்பவும் உயிர் வந்தது. சண்டை மூண்டு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி போட்டு, கொஞ்சூண்டு எண்ணெயில் படித்த பிள்ளைகள் கம்பசுக்குப் போனார்கள். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு ஜோடி ரோர்ச் பற்றரியால் அரசாங்கம் கவிழ்ந்துவிடும் என்று கொழும்பில் ஒருவருக்குப் பயம். பற்றரி இல்லாமல் ரேடியோ கேட்பது எப்படி? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது, டைனமோவைச் சில்லோடு ஒட்டவிடுவது, வயரை ரேடியோவுக்குக் கொடுப்பது, பெடலைக் கையால் சுத்துவது. வீட்டுக்கு வீடு விறாந்தையில் ஒரு கவிழ்ந்த சைக்கிள், சுற்றிவர அயலட்டை. ஒருவர் சுத்துவார், பத்துப் பேர் கேட்பார்கள், இருபது பேர் கருத்துச் சொல்வார்கள்.

இரவில் பிபிசி தமிழோசை. அந்நேரம் சுத்துகிறவனுக்கு மரியாதை அதிகம். பாட்டுக் கசெற் போட்டால் சுத்துகிற வேகத்தில்தான் பாட்டு. கை ஓய ஓய சுசீலா மெல்ல மெல்லச் சீர்காழி ஆவார். "சுத்தடா, சுத்தடா" என்று எல்லாரும் கத்த, திரும்பச் சுசீலாவாக எழும்பி, உற்சாகம் கூடினால் கீச்சுக் குரலில் குழந்தைப் பாட்டாக முடியும். எந்த ராகத்தில் தொடங்கியது என்று பாகவதராலும் சொல்ல முடியாது.

1992இல் உலகக் கிண்ணக் கிரிக்கெற். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். பெப்ரவரி 23ஆம் திகதி சிம்பாப்வே 312 ஓட்டம் அடித்துவிட்டது. அந்தக் காலத்தில் 312 என்றால் எதிர்த்து ஆடுகிறவர்கள் சாமான் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகலாம். இலங்கை 313 அடித்து வென்றது, அர்ஜுன ரணதுங்க ஆட்டமிழக்காமல் 88. நியூசிலாந்து நேரத்துக்கு ஆடினால் எங்களுக்கு அது விடியச் சாமம். இந்த அணி வென்றால் சந்தோஷப்படலாமா கூடாதா என்பது அரசியல் கேள்வி. இருட்டில், போர்வைக்குள், யாரும் கேட்கவில்லை. சுத்துகிறவனுக்கு மட்டும் கேள்வி இருந்தது.

"அண்ணை, கை நோகுது. இன்னும் எத்தினை ஓவர்?"

"பத்து ஓவர்தான். சுத்து, பனங்கட்டி தாறன்."

"போன முறையும் பனங்கட்டி எண்டுதான் சொன்னியள்."

"இந்த முறை தேத்தண்ணியோட."

"சீனி போட்டோ?"

"சீனிக்கு நான் கொழும்புக்குப் போறதே? பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடி. சுத்தடா, நாலு போட்டான் எண்டு நினைக்கிறன்!"

மார்ச் 25ஆம் திகதி மெல்போர்னில் இறுதியாட்டம். வசிம் அக்ரம் அடுத்தடுத்த பந்துகளில் லாம்பையும் லூயிஸையும் போல்ட் ஆக்கினார். அந்த இரண்டு பந்துக்கும் நடுவில் கை மாறின வீடுகளின் கதியை யோசித்துப் பாருங்கள். ஒரு விக்கெற்றோடு ரேடியோ நின்று, அடுத்தவன் வந்து பிடித்துச் சுத்தி உயிர் வரும்போது இரண்டு விக்கெற். நடுவில் என்ன நடந்தது என்பதைப் பிறகு ஒரு கிழமை சந்தியில் நின்று ஆராய்ந்தார்கள். பார்த்தவர்களைவிட நன்றாக விவரித்தார்கள்.

இப்போது வெர்மாண்டுக்குப் போவோம். டிக் டிரைசிகாக்கர், பீற்றர் டிரைசிகாக்கர் என்று அண்ணன் தம்பி இருவர். டிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்தவர். 1976இல் துடுப்புச் செய்து விற்கும் தொழில் தொடங்கி, வெர்மாண்டில் ஒரு பழைய பண்ணையில் குடியேறினார்கள். அங்கே மாரியில் தண்ணீர் உறைந்துபோகும், படகு ஓடாது. என்ன செய்தார்கள்? ஒரு சைக்கிளை எடுத்தார்கள். தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கொட்டிலின் தரையில் ஆணியடித்து நிறுத்தி, சங்கிலியின் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். அதிலிருந்து 1981இல் பிறந்ததுதான் கொன்செப்ட் 2 துடுப்பு மெஷின்; இன்று உலகம் முழுக்கக் கிடக்கிறது.

கவிழ்த்த சைக்கிள்! இணுவிலுக்கு ஆஸ்பத்திரிக் காசு வந்த அதே மாநிலத்தில்! இங்கே அதே யோசனை அதற்குப் பத்து வருடம் கழித்து வந்தது, பதிவுரிமை கேட்க முடியாது என்பது சரிதான். ஆனால் அவர்கள் கவிழ்த்தது குளிருக்கு. நாங்கள் கவிழ்த்தது ஸ்கோர் கேட்க.

அமெரிக்காவில் இது போட்டியாக மாறிய கதையும் நல்ல கதை. 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா பகிஷ்கரித்தது. வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த துடுப்பாளர்கள் போக்கிடமில்லாமல் பொஸ்ரன் குளிரில் நின்றார்கள். சலிப்பைப் போக்க, மெஷினில் பந்தயம் வைத்தார்கள். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர், சாள்ஸ் நதியின் ஓய்ந்துபோன நட்சத்திரங்கள். வென்றவருக்குக் கிண்ணமல்ல, சுத்தியல் பரிசு. அந்தப் பகிடி பெரிதாகி, 2018இல் உலக உள்ளகத் துடுப்புச் சாம்பியன்ஷிப் என்று கோட் சூட் போட்டுக்கொண்டது. அதே வருடம் அவுஸ்திரேலியர் ஜொஷ் டங்க்ளி-ஸ்மித் 2000 மீற்றரை 5 நிமிடம் 35.8 செக்கனில் வலித்தார். அவ்வளவு வேகமாகவும் ஓரங்குலம் நகராமலும் இருப்பது மனித குலத்துக்குப் பெரிய முன்னேற்றம்.

இணுவில் ஆட்கள் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். டொக்டர் நடக்கச் சொல்கிறார், வெளியே பனி. ஆகவே பேஸ்மென்டில் இருக்கிற ஜிம்முக்குப் போகிறார்கள். அங்கே மூலையில் அந்த மெஷின். சில்லுப் பெட்டியின் பக்கத்தில் ஒன்று முதல் பத்து வரை ஒரு நெம்பு இருக்கும். காற்று எவ்வளவு உள்ளே போகலாம் என்பதற்கு. புதிதாக வருகிற ஆம்பிளை எவனும் நேரே பத்தில் வைப்பான். மூன்று நிமிடத்தில் நடுமுதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். ஒலிம்பிக் ஆட்கள் நாலு ஐந்தில் வைத்துத்தான் வலிக்கிறார்கள் என்று சொன்னால், அவர்கள் புட்டுச் சாப்பிடாதவர்கள் என்பான்.

திரையில் எரிந்த கலோரியும் ஓடும். அந்தக் கணக்கில் ஒரு விஷயம் உண்டு. நீங்கள் வலிப்பதற்கு எவ்வளவோ, அதற்கு மேலே மணிக்கு 300 கலோரியை மெஷின் தானாகவே கூட்டிக்கொள்ளும். உயிரோடு இருந்து ஆடிக்கொண்டிருப்பதற்கான கூலி. உலகத்தில் வேறு எந்த நிறுவனமும் உயிரோடு இருப்பதற்கு மதிப்பெண் போடுவதில்லை. இதைப் பக்கத்து மெஷின் பெடியன் விளக்கிக்கொண்டிருந்தான், வயது அறுபது தாண்டிய ஒரு இணுவில்காரருக்கு.

"அங்கிள், அரை மணித்தியாலத்தில 320 காட்டுது. ஆனால் அதில 150 சும்மா."

"சும்மாவோ?"

"நீங்கள் வலிக்காட்டிலும் வரும்."

"அப்ப 170தான் நான் உழைச்சது."

"ஓம் அங்கிள்."

அவர் கைபிடியை விடாமல் கொஞ்சநேரம் யோசித்தார். இருக்கை முன்னுக்குப் போனது, பின்னுக்கு வந்தது.

"சனிக்கிழமை மகள் வீட்டில கூழ் காய்ச்சுகினம். ஒரு பிளா எத்தினை கலோரி வரும்?"

"நண்டு போட்டோ, போடாமலோ?"

"என்ன கேள்வி தம்பி இது? போட்டுத்தான்."

"எங்கட அம்மா போடமாட்டா. எங்கட வீட்டில சைவக்கூழ்தான் அசல் எண்டு சொல்லுவினம்."

"கொம்மா எந்தப் பக்கம்?"

"உடுவில்."

"அதுதானே பார்த்தன்," என்றார் அவர். நெம்பைப் பத்துக்குத் தள்ளிவிட்டு வலிக்கத் தொடங்கினார்.